செவ்வாய் வியாழன் சைக்கிள்

பைக்கில் போய்க்கொண்டிருந்த வரை என்னை யாரும் பார்த்ததில்லை. தலைக்கவசம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான். சைக்கிளில் ஏறிய முதல் வாரத்திலேயே, செம்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூர் வரை எனக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பது தெரிந்துவிட்டது.

சைக்கிளை யோசித்து எடுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பைக் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது. பால்கனியில் சைக்கிள் நின்றது. கல்யாணமான புதிதில், உடம்பைக் குறைக்க வேண்டும் என்று ஜெரூஷாவும் நானும் சேர்ந்து வாங்கியது. ஆளுக்கு ஒரு நாள் ஓட்டினோம். அதன் பிறகு அது துண்டு காயப்போடும் கொடியாக வேலை பார்த்தது. போன வருடம் மழைக்காலத்தில் ஜெரூஷா காய்ச்சலில் இறந்துபோனாள். துண்டு அதிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அவளைப் பற்றி எழுத இப்போது என்னிடம் இதற்கு மேல் இல்லை.

துண்டை எடுத்துவிட்டு, காற்றடித்துக்கொண்டு கிளம்பினேன். ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்குள் மூச்சு வாங்கியது. கிறிஸ்தவக் கல்லூரி அருகே தொடை எரிந்தது. தண்டவாளத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி, இரும்புலியூர் தாண்டும்போது வயிற்றில் என்னவோ செய்தது. வலி என்று நினைத்து ஓரமாக நிறுத்தினேன். வலி இல்லை. பசி.

உடனே அடையாளம் தெரியாததற்குக் காரணம் உண்டு. ஜெரூஷா போனதிலிருந்து எனக்குப் பசித்ததே இல்லை. மாத்திரை போடுவதைப்போல, நேரம் பார்த்து எதையாவது விழுங்குவேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை.

பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு கடையில் பொங்கல் சாப்பிட்டேன். பிறகு இட்லி. பிறகு வடை. எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். தெற்கே போகிற பஸ்ஸுக்கு நிற்பவர்கள்தான் அப்படிச் சாப்பிடுவார்களாம். ஆபீசுக்குப் போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் பைக் சரியாகிவிட்டது. பைக்கில் போனேன். பசிக்கவில்லை. வியாழக்கிழமை சைக்கிளில் போனேன். பசித்தது. எனக்கு ஆராய்ச்சி புத்தி கிடையாது. இருந்தாலும் இவ்வளவு புரிந்தது. தினமும் ஓட்ட முட்டி சம்மதிக்கவில்லை. ஆகவே செவ்வாயும் வியாழனும். வாரத்தில் இரண்டு நாள் பசிக்கும். அந்த இரண்டு நாளை மட்டும் விட்டுவிடக் கூடாது. அப்போது எனக்கிருந்த ஒரே தெளிவு அதுதான்.

ஆபீஸ் வாசலில் காவலுக்கு இருப்பவர் பெயர் சேட்டு. முதல் நாளே மறித்தார்.

“நம்பர் இல்லாத வண்டி உள்ள வரக்கூடாதுன்னு ரூல் கீது சார்.”

“சைக்கிளுக்கு ஏதுங்க நம்பர்?”

“அது எனக்குத் தெரியுது சார். ரூலுக்குத் தெரியலயே.”

கடைசியில் தீயணைப்பு மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். அந்த மூலையில் இருக்கிற எதையும், இது எதற்கு இங்கே நிற்கிறது என்று இதுவரை எந்த அதிகாரியும் கேட்டதில்லையாம்.

ஆபீஸ் சுலபமாக முடிந்தது. சபைதான் முடியவில்லை.

எங்கள் ஆலயம் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறது. சபையார் பாதிப் பேருக்கு வேளச்சேரி சாலை ஓரத்தில்தான் வீடோ கடையோ பஸ் நிறுத்தமோ. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார்க் கண்ணாடிகள் இறங்கின. வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். ஒரு வருடமாக என் வாயில் ‘இருக்கு’ என்ற சொல் ‘இல்லை’ என்பதைப்போலத்தான் வெளியே வந்துகொண்டிருந்தது. அது என் தவறல்ல. கேட்டவர்கள் தவறும் அல்ல.

அடுத்தது ஞானம்மாள். ஜெரூஷாவின் அம்மா. டெலிபோன் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். ஒரே மகள் போன பிறகும், வேலை நாள் தவறாமல் எனக்கு மூன்றடுக்குக் கேரியரில் மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்தார். செவ்வாயும் வியாழனும் நான் சாப்பிட்டேன். மற்ற நாளில் பக்கத்து மேஜை ஸ்ரீவத்சன் சாப்பிட்டான். அவன் வீட்டில் முட்டைகூட நுழையாது. அத்தையின் மீன் குழம்புக்காக அவன் இடமாற்றத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கேரியர் சாயங்காலம் துடைத்துவைத்ததைப்போல வீடு திரும்பும். அத்தை திறந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கழுவப் போடுவார்.

ஏன் சைக்கிள் என்று அத்தை ஒரு முறைதான் கேட்டார். சும்மா என்றேன். தினமும் சமைத்துத் தருகிறவரிடம் வேறு என்ன சொல்வது? சைக்கிளில் போகாத நாளில் உங்கள் சாப்பாடு எனக்கு இறங்குவதில்லை என்றா?

அத்தை என்னை மேற்கொண்டு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எழுந்து, என் மருமகன் சைக்கிளில் வேலைக்குப் போகிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார், ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

ஆனால் காரணம் இல்லாத ஒரு விஷயத்துக்காக எப்படி ஜெபிப்பது? எதற்காக என்று கடவுளிடம் சொல்லியாக வேண்டும். முதலில் ஜெபித்த அம்மா, பணக்கஷ்டம் நீங்கட்டும் என்றாராம். அடுத்தவர், மேலதிகாரியின் மனம் இளகட்டும் என்றாராம். வட்டம் சுற்றி முடிவதற்குள் எனக்கு வேலை போய், பைக்கையும் விற்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், “வேலை இழந்து, வாகனம் இழந்து வாடுகிற நம் சகோதரன் அன்பு” என்று ஆயர் மைக்கில் ஆரம்பித்தார். அந்த அன்பு நான்தான். நடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

எழுந்து மறுத்திருக்கலாம். நடக்கிற ஜெபத்தின் குறுக்கே எழுந்து, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஆமென் வரை காத்திருந்தேன். ஆமென் சொன்னதும் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அந்த வாரம் என் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வந்தது. அளவு தெரியாத இரண்டு சட்டைகள் வந்தன. வண்டலூரில் ஒரு கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு விளம்பரத்தை வெட்டிக்கொண்டுவந்து ஒருவர் கொடுத்தார். எனக்கு வேலை இருக்கிறது என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேன். வெட்கப்படாதே என்று அவர் என் கையை அழுத்தினார்.

வீட்டுக்கு வந்த அத்தையிடம், உங்களுக்கே தெரியுமே என்றேன். எனக்கு வேலை இருப்பதும், பைக் கீழே நிற்பதும் அவருக்குத் தெரியும்.

“தெரியும் மாப்பிள்ளை. அதுக்காக ஜெபம் பண்றவங்களைப் பாதியில நிறுத்தச் சொல்றதா? இருக்கிற வேலை இன்னும் கெட்டியா இருந்துட்டுப் போகட்டும்.”

“எல்லாரும் பாவம் பாக்குறாங்க அத்தை.”

“நீங்க காரணத்தைச் சொல்லுங்க. நான் போய் மாத்திச் சொல்றேன்.”

அத்தை அரிசி மூட்டையைப் பார்த்து, நல்ல பொன்னி என்றார்.

இதுவரை பொறுத்துக்கொள்ளக் கூடியதாகவே இருந்தது. பிறகு சுந்தர்சிங் உள்ளே வந்தார். கேம்ப் ரோட்டில் சிமெண்ட், கம்பி விற்கிற பெரிய கடை அவருடையது. நல்ல மனிதர். நல்லது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டால் யாராலும் தப்பிக்க முடியாது. நம் சபைப் பையன் ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிப்பதா என்று அவர் கேட்டார். தன்னுடைய பழைய ஸ்கூட்டர் ஒன்றை எனக்குத் தரப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். தன்மானம் உள்ள பையன் என்று பக்கத்தில் நின்றவரிடம் என்னைப் புகழ்ந்தார். அறுப்பின் பண்டிகை அன்று எல்லோர் முன்னாலும் சாவியைக் கொடுப்பார் என்று பேசிக்கொண்டார்கள். சைக்கிளை அவர் ஓர் அநாதை இல்லத்துக்குக் கொடுக்க ஏற்பாடு செய்வாராம்.

அறுப்பின் பண்டிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளைந்ததில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவருவது வழக்கம். எங்களில் யாருக்கும் இப்போது நிலம் கிடையாது. ஆகவே கொல்லையில் காய்த்த பூசணி, கடையில் வாங்கிய அரிசி, கோழி, கேக், ஊறுகாய் எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஒரு மாத மின்கட்டணம் அளவுக்குப் போகும். எடுத்தவர், இதையும் கடவுளுக்கே கொடுக்கிறேன் என்று திருப்பித் தந்தால் மறுபடி ஏலம். போன வருடம் ஒரு சேவலை ஆள் மாற்றி ஆள் எடுத்துத் திருப்பித் திருப்பித் தந்து, கடைசியில் அது யார் வீட்டுக்கும் போகாமல் ஆலய வளாகத்திலேயே தங்கிவிட்டது. இந்த வருடமும் அதையே ஏலத்துக்கு வைத்திருந்தார்கள்.

அத்தை வீட்டுக் கொல்லையில் ஒரு வாழைத்தார் முற்றியிருந்தது. அவர் பலகாரத்தை எடுத்துக்கொண்டு காலையிலேயே ஆட்டோவில் போய்விட்டார். போவதற்கு முன், தாரை என் சைக்கிள் கேரியரில் தேங்காய்நார்க் கயிற்றால் தன் கையாலேயே கட்டினார். பைக்கில் தார் நிற்காது. சைக்கிளில் நின்றது. ஆனால் பாரம் பின்னால் இழுக்க, நான் பாம்பைப்போல வளைந்து வளைந்து போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடியும் தறுவாயில் இருந்தது.

முடிச்சு அவிழவில்லை. நகத்தால் பார்த்தேன், பல்லாலும் பார்த்தேன். காணிக்கைப் பந்தலின் காலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கத்தி தேடிப் போனேன்.

ஆலயத்துக்குப் பின்னால் பெரிய அண்டாவில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. பெண்கள் சங்கத்தார் மூன்று பேர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தி கேட்டேன். ஒருவர் கொடுத்தார். கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்தார். ஏற்கெனவே வெங்காயத்தால் கலங்கியிருந்த கண் இன்னும் கலங்கியது. என் தலையில் கை வைத்தார். மற்ற இருவரும் எழுந்து வந்து ஆளுக்கொரு தோளில் கை வைத்தார்கள். ஒருவர் ஜெபித்து முடித்ததும் மற்றவர் ஆரம்பித்தார். எனக்கு அரசு வேலை கேட்டார்கள். வெளிநாட்டு வேலையும் கேட்டார்கள். நான் கண்ணை மூடி, கையில் கத்தியோடு நின்றேன். இடையில் மைக்கில் என் பெயர் ஒரு முறை கேட்டது. கண்ணைத் திறக்க முடியுமா?

திறந்தபோது பந்தலுக்கு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. என் சைக்கிள் மேடைமேல் ஏறியிருந்தது. ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை. இருக்கையில் ஏல எண் எழுதிய சீட்டு. ஒரு பக்கம் கல்யாணப் பூசணி, மறுபக்கம் போன வருடத்துச் சேவல். கேரியரில் தார் அப்படியே இருந்தது.

ஆலயக் காவலாளி குப்பன் மேடை ஓரத்தில் நின்றான். இது என் சைக்கிள் என்றேன்.

“தெரியும் சார். அதான் அல்லாருக்கும் கண்ணு கலங்கிப்பூட்ச்சி. இருந்த ஒண்ணையும் குட்த்துட்டாருன்னு அய்யா மைக்லயே சொல்லிட்டாரு.”

“நான் குடுக்கல குப்பா. தார் மட்டும்தான் காணிக்கை. கயிறு அவிழல.”

குப்பன் தாரைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், என் கையில் இருந்த கத்தியைப் பார்த்தான்.

“இன்னா சார் நீ. அத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா? இப்ப ஜெபம் பண்ணி, பூ மாட்டி, சாமிக்குன்னு ஆயிப்பூட்ச்சி. எட்த்துனு போனா நல்லா இருக்காது. நீயும் ஒரு வெல கேட்டு எட்த்துக்க சார்.”

அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. கத்தியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் போய் நின்றேன்.

ஏலம் விடுகிறவர் ஜெபசீலன். புறநகர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் கழுத்தில்தான் தொங்கும். மூன்றாம் தரம் சொல்லி விசில் ஊதினால் பொருள் போய்விட்டது என்று அர்த்தம். பூசணி போயிற்று. அடுத்து சைக்கிள் மேல் கை வைத்து, இது சாதாரண சைக்கிள் இல்லை என்று ஆரம்பித்தார். அவருடைய பேச்சில் என் சைக்கிள் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சுந்தர்சிங் முதல் விலை கேட்டார். நான் கையைத் தூக்கினேன். ஜெபசீலன் என்னைப் பார்த்தார். பார்க்காததைப்போல அந்தப் பக்கம் திரும்பினார். வேறு யாரோ கேட்டார்கள். சுந்தர்சிங் கூட்டினார். நான் மறுபடி கையைத் தூக்கினேன். ஜெபசீலன் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, குடுத்ததோட உங்க பங்கு முடிஞ்சுது. கையை எறக்கிக்கங்க. மனசு தாங்கல.”

மைக் அதைத் தெளிவாக எல்லோருக்கும் சொன்னது. பின்னால் இருந்து யாரோ என் கையைப் பிடித்து, அன்பாக, பலமாகக் கீழே இறக்கினார்கள்.

இதற்குள் சபைக்குச் சூடு பிடித்துவிட்டது. உருகிப்போன மனிதர்கள் ஆளுக்கொரு விலை சொன்னார்கள். புதுச் சைக்கிளின் விலையை அது எப்போதோ தாண்டிவிட்டது. சுந்தர்சிங் சளைக்கவில்லை. அவர் சட்டைப் பையில் ஸ்கூட்டர் சாவி இருந்தது. வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பன் நுனி வெளியே தெரிந்தது.

“ஒருதரம்” என்றார் ஜெபசீலன்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டது என்று நினைத்தேன்.

“ரெண்டுதரம்.”

வியாழக்கிழமையும் போயிற்று. அப்போது நான் ஒரு நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியவில்லை. அந்தப் பழைய, செயின் துருப்பிடித்த சைக்கிள் எனக்கு வேண்டும்போல இருந்தது. வேண்டும் என்று எனக்குத் தோன்றி வெகு காலம் ஆகியிருந்தது.

“எனக்கு வேலை இருக்கு” என்றேன்.

விசில் ஜெபசீலனின் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

“வேலை போகல. பைக்கும் இருக்கு, விக்கல. வீட்டு வாசல்ல நிக்குது.”

சுந்தர்சிங் ஆயரைப் பார்த்தார். ஆயர் பெண்கள் சங்கத்தைப் பார்த்தார். பெண்கள் சங்கம் முழுவதும் முன்வரிசையில் இருந்த அத்தையைப் பார்த்தது. அத்தை வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எதுக்கு தம்பி சைக்கிள்ல போறீங்க?” என்றார் ஜெபசீலன். மைக்கில்தான் கேட்டார்.

“பசிக்குது.”

யாருக்கும் புரியவில்லை. எனக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேசியே பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“சைக்கிள்ல போனா பசிக்குது. போகாத நாள்ல பசிக்கிறதில்ல. ஜெரூஷா போனதுலேர்ந்து அப்படித்தான். வாரத்துல ரெண்டு நாளாவது பசிக்கட்டும்னு போறேன்.”

சேவல் மட்டும் கால் மாற்றி நின்றது. பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்றார். உடனே அடங்கிப்போனார்.

அத்தை எழுந்தார். பட்டுப்புடவையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“திங்கள், புதன், வெள்ளி. அந்தக் கேரியரை எல்லாம் யாரு சாப்பிட்டது?”

நாற்காலியில் நிற்கிறவன் பொய் சொல்வது கஷ்டம். “ஆபீஸ்ல ஸ்ரீவத்சன்னு ஒருத்தன்.”

“மீன் குழம்பையுமா?”

“அதைத்தான் முதல்ல சாப்பிடுவான்.”

ஒருவர் சிரித்தார். பிறகு பந்தல் முழுவதும் சிரித்தது. ஆயரும் கைக்குட்டைக்குள் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் சுந்தர்சிங் தொண்டையைச் செருமினார். பாவம், ரிப்பன் கட்டிய சாவியோடு அவர் நின்றிருந்தார். ஆண்டவர் சந்நிதியில் கேட்ட விலையைத் தன்னால் வாபஸ் வாங்க முடியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் கேட்டதற்குமேல் ஒரு ரூபாய் என்றேன். இந்த ஏலத்தில் ஒரு ரூபாய் எல்லாம் கூட்ட முடியாது என்று ஜெபசீலன் வருத்தத்தோடு சொன்னார். நூறு என்றேன். சுந்தர்சிங் பழக்கத்தில் மறுபடி வாயைத் திறந்தார்.

“சுந்தர்சிங், உக்காருங்க” என்றார் அத்தை.

அவர் உட்கார்ந்தார். ஜெபசீலன் ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம் என்பதை ஒரே மூச்சில் சொல்லி விசில் ஊதினார். தாம்பரம் வண்டியைக்கூட அவர் அவ்வளவு அவசரமாகக் கிளப்பியிருக்க மாட்டார். கயிறு அவிழாததால் வாழைத்தாரும் எனக்கே வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு, மாலையைக் கழற்றாமல் சைக்கிளை மேடையிலிருந்து இறக்கினேன். திருப்பித் தரலாமே என்று யாரோ பழக்கத்தில் முணுமுணுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அவர் வாயைப் பொத்தினார்.

பந்தி ஆரம்பித்தது. நான் வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நின்றேன். வெங்காயம் நறுக்கிய அம்மாக்கள் மூவரும் என்னைக் கடந்து போனார்கள். ஒருவர், அரிசியைத் திருப்பித் தர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அத்தை ஒரு தட்டில் பிரியாணியோடு வந்தார்.

“பசிக்குதா?”

“கொஞ்சம்.”

“உண்மையைச் சொல்லுங்க.”

செம்பாக்கத்திலிருந்து இங்கே வரை தூரம் போதவில்லை. “இல்ல” என்றேன்.

அத்தை தட்டைப் பக்கத்துத் திண்டில் வைத்தார். கோபமாகப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பட்டுப்புடவை அவரைவிடப் பெரிதாக இருந்தது.

“நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?”

இந்த ஒரு வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் அண்டா இருந்த பக்கம் பார்த்தார்.

“எனக்கு எங்க பசிக்குது? கேரியர் காலியா வரும். நீங்க சாப்பிட்டிருக்கீங்கன்னு நினைச்சுப்பேன். அதுவே எனக்கும் சாப்பிட்ட மாதிரி இருக்கும். கடைசியில சாப்பிட்டது அந்த வத்சன்.”

குப்பனைக் கூப்பிட்டேன். அவன் கத்தியோடு வந்து கயிற்றை அறுத்தான். தாரை மரத்தில் சாய்த்து வைத்தான். கேரியர் காலியாக இருந்தது.

“ஏறுங்க அத்தை.”

“எதுல?”

“கேரியர்ல. ஒரு பக்கமா உக்காருங்க.”

“மிதிக்கப்போறது நீங்க. எனக்கு எப்படிப் பசிக்கும்?”

“தெரியல. பயத்துல பசிக்கலாம்.”

அத்தை என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு செருப்பைச் சரிசெய்துகொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, கேரியரைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். உட்கார்ந்தார். பந்தியில் இருந்தவர்கள் கையில் சோற்றோடு எழுந்து நின்று பார்த்தார்கள். சுந்தர்சிங் ஓடிவந்து, தார் அளவுக்கு அத்தை கனம் இல்லை, தைரியமாகப் போகலாம் என்று எனக்கு யோசனை சொன்னார். குப்பன் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தான்.

“மெயின் ரோட்ல கல்லூரி வரிக்கும் பூட்டு வா சார். பொறுமையா வா. அண்டாவ மூடி வச்சினுகீறோம்.”

சைக்கிள் முதலில் இரண்டு பக்கமும் ஆடியது. பிறகு நேரானது. அத்தை என் சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். வேளச்சேரி சாலைக்கு வந்ததும் கட்டளைகள் ஆரம்பித்தன. பள்ளம் இருக்கிறது என்றார். நாய் வருகிறது என்றார். பஸ் வருகிறது, பஸ் வருகிறது என்றார். பஸ் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரில் மாலை ஆடி, சாமந்தி இதழ் ஒவ்வொன்றாகப் பறந்து அவர் மடியில் விழுந்தது. எதிரே வந்த ஓர் ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார். என்ன நினைத்தாரோ.

கல்லூரி மதிலை ஒட்டி நிழல் இருந்தது. எனக்கு மூச்சு இரைத்தது. முதுகில் அவர் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது.

“பசிக்குதா அத்தை?”

“இடுப்பு வலிக்குது” என்றார்.

வேகத்தைக் குறைத்தேன். திரும்புவதற்கு இடம் பார்த்தேன். ஒரு லாரி போனது. இரண்டு ஷேர் ஆட்டோ போனது.

“அதுக்காக நிறுத்தாதீங்க” என்றார்.